உடம்பில் மருந்து எதிர்ப்புக் கிருமி இருக்கிறது, நோய் இல்லை: அதை ஒழிக்க வேண்டுமா?

கேள்வி இதுதான். அறுவை சிகிச்சை முடிந்து அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். டிஸ்சார்ஜ் தாளில் இரண்டு வரிகள் எழுதியிருக்கிறார்கள்: மூக்கில் எம்.ஆர்.எஸ்.ஏ., மலத்தில் ஈ.எஸ்.பி.எல். வகை ஈ. கோலை. காய்ச்சல் இல்லை, தையல் போட்ட இடம் நன்றாக ஆறிவருகிறது. இந்தக் கிருமிகளுக்கென்று மருந்து எதுவும் எழுதித் தரவில்லை. இவ்வளவு மோசமான கிருமியை ஏன் அப்படியே விட்டுவிட்டார்கள், நல்ல ஆன்டிபயாட்டிக் கொடுத்து ஒழித்துவிடக் கூடாதா, வீட்டில் கைக்குழந்தை இருப்பதால் அப்பாவைத் தனியாக வைக்க வேண்டுமா?

முதலில் நேரடியான பதில். மூக்கிலும் தோலிலும் இருப்பதைக் குறைக்க நல்ல வழி இருக்கிறது. சிலருக்கு அதைச் செய்தே ஆக வேண்டும் என்று நான் சொல்வேன். குடலில் இருப்பதை மாத்திரை போட்டு விரட்ட முயலாதீர்கள். அது தானாக வெளியேறுவதற்கு இருக்கும் வாய்ப்பைத்தான் அந்த மாத்திரை கெடுக்கும். அப்பாவைத் தனியாக வைக்கவே வேண்டாம். தாளில் அடுத்தடுத்து எழுதியிருப்பதால் இரண்டும் ஒரே பிரச்சினை போலத் தெரிகிறது. உண்மையில் இரண்டு கிருமிகள், இரண்டு இடங்கள், இரண்டு வேறு வேறு முடிவுகள்.

கிருமி உடம்பில் குடியிருப்பது வேறு, அது நோயை உண்டாக்குவது வேறு. எம்.ஆர்.எஸ்.ஏ. என்பது ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற மிகச் சாதாரணமான பாக்டீரியாவின் மருந்துக்கு அடங்காத வகை. சாதாரண ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மூக்கில் எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருக்கிறது. மெத்திசிலின் என்ற ஆன்டிபயாட்டிக் புழக்கத்துக்கு வந்து அன்று இரண்டு ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை. 1961இலேயே அதற்கு அடங்காத வகை இங்கிலாந்தில் பதிவாகிவிட்டது. இப்படி மெத்திசிலினுக்கு அடங்காத வகைகள் பின்னர் உலகம் முழுக்கப் பரவின. மருந்து எதிர்ப்பு இருப்பதால் அது மற்ற ஸ்டெஃபிலோகாக்கஸைவிடச் சட்டென்று உடம்பைத் தாக்கிவிடும் என்று பொருள் இல்லை. தாக்கினால் கைவசம் இருக்கும் மருந்துகள் குறைவு என்பதுதான் பொருள். ஈ.எஸ்.பி.எல். ஈ. கோலையும் அப்படியே. எல்லோர் குடலிலும் இருக்கும் ஈ. கோலைதான் அது. செஃப்ட்ரியாக்சோன், செஃபோடாக்சிம் போன்ற மருந்துகளைச் சிதைத்துவிடும் நொதி ஒன்றைக் கூடுதலாக வைத்திருக்கிறது. குடலுக்குள் இருக்கும்வரை தொந்தரவு இல்லை. சிறுநீர்ப் பாதைக்கோ ரத்தத்துக்கோ போனால்தான் சிக்கல்.

ஆகவே, 'இந்தக் கிருமியை ஒழிக்க முடியுமா' என்பதைவிட 'இவருக்கு இதனால் நோய் வரும் வாய்ப்பு எவ்வளவு, அதைக் குறைக்க என்ன செய்யலாம்' என்று கேட்பதே பயன் தரும். வீட்டில் ஆரோக்கியமாக நடமாடும் இளைஞர் ஒருவரின் மூக்கில் எம்.ஆர்.எஸ்.ஏ. இருப்பது தற்செயலாகத் தெரியவந்தால் பெரும்பாலும் எதுவும் செய்யத் தேவையில்லை. மருத்துவமனையிலிருந்து இப்போதுதான் வந்தவர், உடம்பில் புண் உள்ளவர், டயாலிசிஸ் செய்துகொள்பவர், அடுத்த மாதம் மூட்டு மாற்று அறுவைக்குப் போகிறவர், மாதம் ஒரு கட்டி வந்து கிழித்துச் சீழ் எடுக்க வேண்டியிருப்பவர் ஆகியோரின் நிலை வேறு.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களைப் பற்றி நம்மிடம் இருக்கும் சிறந்த சான்று அமெரிக்காவின் தெற்கு கலிஃபோர்னியாவில் நடந்த 'கிளியர்' என்ற ஆய்வு. 2019இல் வெளியானது. எம்.ஆர்.எஸ்.ஏ. குடியிருந்த 2,000க்கும் மேற்பட்டவர்களை வீடு திரும்பும்போது இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குச் சுத்தம் பற்றிய அறிவுரை மட்டும். இன்னொரு குழுவுக்கு அறிவுரையோடு மாதத்தில் இரண்டு முறை, முறைக்கு ஐந்து நாள் என்று ஆறு மாதத்துக்கு ஒரு சிகிச்சை: குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியின் 4 சதவீதக் கரைசலில் தினமும் குளியல், 0.12 சதவீத குளோர்ஹெக்சிடினால் தினம் இரண்டு வேளை வாய் கொப்பளித்தல், 2 சதவீத மியூபிரோசின் என்ற ஆன்டிபயாட்டிக் களிம்பை இரண்டு வேளை மூக்கில் தடவுதல். ஓராண்டு முடிவில் அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 9.2 சதவீதம் பேருக்கு எம்.ஆர்.எஸ்.ஏ. தொற்று வந்திருந்தது. சிகிச்சையும் பெற்றவர்களில் 6.3 சதவீதம். அதாவது ஏறக்குறைய முப்பது பேர் இதைச் செய்தால் ஒருவருக்குத் தொற்று தவிர்க்கப்படுகிறது. சொன்னதைச் சொன்னபடி முழுமையாகச் செய்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் ஆபத்து 44 சதவீதம் குறைந்திருந்தது. பக்கவிளைவு 4.2 சதவீதம் பேருக்கு. அதுவும் தோல் எரிச்சல் போன்ற லேசானவை.

இந்த எண்களில் இரண்டு விஷயங்களைக் கவனிக்கச் சொல்வேன். ஒன்று, எதுவும் செய்யாவிட்டாலும் பத்தில் ஒன்பது பேருக்கு அந்த ஆண்டில் எம்.ஆர்.எஸ்.ஏ. தொற்று வரவில்லை. பயத்தில் தூக்கம் கெடத் தேவையில்லை. இரண்டு, பலன் கிடைத்தது ஒரே ஒரு ஐந்து நாள் சுற்றில் அல்ல. ஆறு மாதம் விடாமல் திரும்பத் திரும்பச் செய்ததில். 'ஒரு தடவை களிம்பு போட்டோம், மூன்று மாதம் கழித்துப் பரிசோதித்தால் மறுபடியும் இருக்கிறது, எல்லாம் வீண்' என்று மனம் சோர்ந்துபோவோர் நிறையப் பேர். கிருமி திரும்பி வருவதால் செய்தது வீண் என்றாகிவிடாது. அறுவைக்குப் பிந்தைய ஆபத்தான மாதங்களில் அதன் எண்ணிக்கையைத் தாழ்த்தி வைத்திருப்பதே ஒரு வெற்றி.

மியூபிரோசின் களிம்பால் மட்டும் மூக்கைச் சுத்தம் செய்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தபோது, ஒரு வாரத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் பேரிடம் கிருமி காணப்படவில்லை. காலம் செல்லச் செல்ல அது 60 சதவீதம் அளவுக்கு இறங்கியது. இன்னொரு பக்கம், எந்தச் சிகிச்சையும் இல்லாமலே எம்.ஆர்.எஸ்.ஏ. பலரைவிட்டுப் போய்விடுகிறது. மருத்துவமனையிலிருந்து திரும்பியவர்களைத் தொடர்ந்து பார்த்த பிரெஞ்சு ஆய்வொன்றில், பாதிப் பேரிடமிருந்து அது போக எட்டரை மாதம் ஆனது. உடம்பில் ஆறாத புண் இருந்தவர்களிடம் கூடுதல் காலம் தங்கியது.

சிகிச்சையைச் செய்யும் விதத்தில்தான் பெரும்பாலான தோல்விகள் ஒளிந்திருக்கின்றன. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். களிம்பைத் தீக்குச்சித் தலையளவு பஞ்சுக் குச்சியில் எடுத்து, மூக்கின் முன்பகுதியில், ரோமம் இருக்கும் அந்த முதல் ஒரு சென்டிமீட்டரில், உள்சுவரில் சுற்றிலும் படும்படி தடவ வேண்டும். கிருமி குடியிருப்பது அங்கேதான். ஆழமாக விட்டு மேலே தள்ள வேண்டாம். இரண்டு துவாரத்திலும் தடவிய பிறகு மூக்கின் இரு பக்கங்களையும் விரல்களால் சேர்த்து அழுத்தி ஒரு நிமிடம் மெதுவாகத் தேய்த்தால் உள்ளே சீராகப் பரவும். தொண்டைப் பக்கம் லேசாக ஒரு சுவை தட்டினால் சரியாகப் பரவியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

குளோர்ஹெக்சிடின் குளியலில் நடக்கும் தவறு வேறு மாதிரி. சாதாரண சோப்பு, ஷாம்பு எல்லாம் அதன் வீரியத்தைக் குறைத்துவிடும். ஆகவே தலைக்கும் முகத்துக்கும் சோப்பு, ஷாம்பு போடுவதானால் முதலில் அதை முடித்து நன்றாக அலசிவிட வேண்டும். பிறகுதான் குளோர்ஹெக்சிடின். தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும்போது தடவினால் தோலில் தங்காது. தண்ணீரை நிறுத்திவிட்டுத் தடவி, அக்குள், தொடையிடுக்கு, தொப்புள், விரலிடுக்கு, மடிப்புகள் எல்லாவற்றிலும் தேய்த்து, ஒன்றிரண்டு நிமிடம் விட்டு அலச வேண்டும். கண்ணிலும் காதுக்குள்ளும் படவே கூடாது. செவிப்பறையில் ஓட்டை இருப்பவர்களுக்கு நடுக்காதில் போனால் காது கேட்காமலே போய்விடக்கூடும். முன்பு குளோர்ஹெக்சிடினால் அரிப்போ, தடிப்போ, மூச்சுத் திணறலோ வந்தவர்கள் இதைத் தொடக்கூடாது. அரிதாக உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வருவதுண்டு. குளித்தபின் துவைத்த துண்டு, துவைத்த உடை, துவைத்த படுக்கை விரிப்பு. நேற்றைய துண்டால் துடைத்தால் கழுவிய கிருமியையே மறுபடி பூசிக்கொண்ட மாதிரி. இன்னொன்று: குளோர்ஹெக்சிடின் பட்ட துணியைக் குளோரின் ப்ளீச்சில் போட்டால் போகாத பழுப்புக் கறை பிடிக்கும். அழுக்கு என்று எண்ணி மேலும் ப்ளீச் ஊற்றுவார்கள், கறை அதிகமாகும்.

இத்தனையும் சரியாகச் செய்தும் போகவில்லை என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது தொண்டையைத்தான். மூக்கில் மட்டும் பஞ்சு வைத்துப் பரிசோதித்தால் தொண்டையில் இருப்பது தெரியாது. களிம்பும் குளியலும் அங்கே எட்டாது. நெதர்லாந்து, டென்மார்க் போன்ற நாடுகளில் எம்.ஆர்.எஸ்.ஏ. உள்ளவர்களைத் தேடிக் கண்டுபிடித்து ஒழிக்கும் கொள்கை பல பத்தாண்டுகளாக நடக்கிறது. அங்கே தொண்டையில் இருப்பவர்களுக்கு, களிம்போடும் குளியலோடும் சேர்த்து, பரிசோதனையில் வேலை செய்யும் என்று தெரிந்த மாத்திரைகளைக் கொடுக்கிறார்கள். அது நிபுணர் மேற்பார்வையில் செய்ய வேண்டிய வேலை. அடுத்த சந்தேகம், எக்சீமா, சொரியாசிஸ் போன்ற தோல் நோய். அது அடங்காதவரை கிருமியும் அடங்காது; தோல் மருத்துவரிடம்தான் முதலில் போக வேண்டும். சிறுநீர் வெளியேறவோ வயிற்றுக்குள் உணவு செலுத்தவோ செருகிய குழாய்கள் உடம்பில் இருந்தாலும் அவை இருக்கும்வரை முழுமையாக ஒழிப்பது கடினம்.

அதற்கடுத்து வீட்டில் உள்ள மற்றவர்கள். எம்.ஆர்.எஸ்.ஏ. குடும்பத்துக்குள் சுற்றிச் சுற்றி வரும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் குழந்தைகளைக் கொண்டு செய்த ஓர் ஆய்வு 2012இல் வெளியானது. ஒரு பிரிவில் சீழ்க்கட்டி வந்த குழந்தைக்கு மட்டும் சிகிச்சை. இன்னொன்றில் வீட்டில் அனைவருக்கும். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் கிருமி போன குழந்தைகளின் அளவில் வித்தியாசமே இல்லை. இரண்டிலும் பாதிக்குப் பாதி. ஆனால் அனைவரும் சேர்ந்து செய்த வீடுகளில் மறுபடி கட்டி வருவது கணிசமாகக் குறைந்தது. பஞ்சுக் குச்சி காட்டும் முடிவும் வாழ்க்கையில் நடப்பதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. ஒருவருக்கு மட்டும் திரும்பத் திரும்பக் கட்டி வரும் வீட்டில், எல்லோரும் ஒரே ஐந்து நாளில் சேர்ந்து செய்வதுதான் சரி. ஒருவர் இந்த வாரம், இன்னொருவர் அடுத்த வாரம் என்று செய்தால் கிருமி இடம் மாறி உட்காரும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசு இருந்தால் அதற்கு மட்டும் மருத்துவரைக் கேட்காமல் எதுவும் செய்யக் கூடாது.

மியூபிரோசினைக் கண்டபடி பயன்படுத்துவது பற்றி ஒரு எச்சரிக்கை. நியூசிலாந்தில் 1991இல் இந்தக் களிம்பை மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்க அனுமதித்தார்கள். சின்னச் சிராய்ப்பு, கொசுக்கடி எல்லாவற்றுக்கும் மக்கள் அதையே தடவினார்கள். அந்தப் பத்தாண்டிலேயே மியூபிரோசினுக்கு அடங்காத ஸ்டெஃபிலோகாக்கஸ் பரவிவிட, 2000இல் மறுபடியும் சீட்டு கட்டாயமாக்கப்பட்டது. அத்தோடு முடியவில்லை. மக்களும் மருத்துவர்களும் ஃபியூசிடிக் அமிலம் என்ற இன்னொரு ஆன்டிபயாட்டிக் களிம்புக்கு மாறினார்கள். அதற்கும் எதிர்ப்பு ஏறியது. மூக்கைச் சுத்தம் செய்ய நமக்கு இருக்கும் நல்ல மருந்துகள் கொஞ்சம். காரணம் இல்லாதவருக்கு அதைக் கொடுக்காமல் இருப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான். கட்டி மட்டும் திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு, குளோர்ஹெக்சிடினுக்குப் பதிலாக மிகவும் நீர்த்த ப்ளீச் கலந்த தண்ணீரில் வாரம் இரண்டு முறை குளிக்கச் சொல்வதும் உண்டு. அளவை மருத்துவர் சொல்லித்தான் செய்ய வேண்டும். குத்துமதிப்பாக ஊற்றக் கூடாது.

இனி குடல். இங்கே கதையே வேறு.

மூக்கின் முன்பகுதி கைக்கு எட்டும் சின்ன இடம். பெருங்குடலில் பல லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அவற்றில் ஈ. கோலை ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அந்தக் கொஞ்சத்திலும் ஒரு பங்குதான் மருந்துக்கு அடங்காதது. அதைப் பெருகவிடாமல் அடக்கி வைத்திருப்பவை மற்ற பாக்டீரியாக்கள், குறிப்பாக ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழ்பவை. அவை உணவைப் பங்குபோட்டுத் தின்றுவிடுகின்றன, ஈ. கோலைக்கு ஒவ்வாத அமிலங்களைச் சுரக்கின்றன. குடல் சுவரில் இடம் கொடுப்பதில்லை. இந்தக் காவலை 1971இலேயே ஆய்வாளர்கள் எலிகளில் அளந்து காட்டிவிட்டார்கள். ஆன்டிபயாட்டிக் எடுக்கும்போது முதலில் சாவது இந்தக் காவல்தான். வயலில் பயிரை அறுத்துப்போட்டுவிட்டுக் களையை மட்டும் நிற்கவிட்டால் என்ன ஆகுமோ அதுதான் நடக்கிறது.

காவல் கெடாமல் இருந்தால் குடல் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் என்பதற்குப் பயணிகளைப் பற்றிய நெதர்லாந்து ஆய்வே சாட்சி. 2017இல் வெளியான அதில் சுமார் 2,000 பயணிகளைச் சேர்த்தார்கள். கிளம்பும்போது ஈ.எஸ்.பி.எல். கிருமி இல்லாதவர்களில் மூன்றில் ஒருவர் அதைச் சுமந்துகொண்டு திரும்பினார். தெற்காசியாவுக்குப் போனவர்களில் நான்கில் மூன்று பேர். திரும்பியபின் பாதிப் பேரிடமிருந்து அது ஒரே மாதத்தில் மறைந்துவிட்டது. ஓராண்டு கழித்தும் வைத்திருந்தவர்கள் 11 சதவீதம். வெளியூரில் இருக்கும்போது ஆன்டிபயாட்டிக் எடுத்தவர்களுக்கு இந்தக் கிருமி ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு இரண்டரை மடங்குக்கும் மேல். உங்கள் அப்பா ஆரோக்கியமான பயணி அல்ல. மருத்துவமனையில் இருந்து, ஆன்டிபயாட்டிக் எடுத்து வந்தவர். அப்படிப்பட்டவர்களிடம் இது மெதுவாகத்தான் போகும். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், ஓராண்டு முடிவில் மூன்றில் ஒருவரிடம் இன்னும் இருக்கிறது. அப்படியானால் மூன்றில் இரண்டு பேரிடமிருந்து போய்விட்டது. எந்த மாத்திரையும் இல்லாமல்.

மாத்திரை கொடுத்துப் பார்க்காமல் இல்லை. சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவில் 58 பேரை வைத்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், குடலால் உறிஞ்சப்படாத கொலிஸ்டின், நியோமைசின் இரண்டையும் பத்து நாள் கொடுத்தார்கள். சிகிச்சை முடியும் நாளில் வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. ஒரு மாதத்தில் அந்த வித்தியாசம் அழிந்துபோனது. மருந்து கிருமியை ஒழிக்கவில்லை, பரிசோதனையில் தெரியாத அளவுக்குத் தாழ்த்தி வைத்திருந்தது, அவ்வளவுதான். இதற்காகச் செலவழிக்கும் கொலிஸ்டினோ, வேறு எதுவும் கேட்காத நிலையில் உயிர்காக்கக் கடைசியாக எடுக்கும் மருந்து. அதை எதிர்க்கும் மரபணு ஒன்று ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியது என்று 2015இல் சீனாவிலிருந்து செய்தி வந்ததும் உலகமே அதிர்ந்தது. நோயில்லாதவர் குடலில் அந்த மருந்தைக் கொட்டுவதை என்னால் ஏற்க முடியாது. ஐரோப்பிய மருத்துவ நுண்ணுயிரியல், தொற்றுநோய்ச் சங்கம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், ஈ.எஸ்.பி.எல். கிருமிக்கோ கார்பபெனம் என்ற வலுவான ஆன்டிபயாட்டிக் வகைக்கும் அடங்காத, அதைவிடக் கடினமான கிருமிக்கோ வழக்கமாக இப்படி ஒழிப்புச் சிகிச்சை செய்ய வேண்டாம் என்றே சொல்கிறது.

ஆரோக்கியமானவரின் மலத்திலிருந்து பாக்டீரியாக்களைப் பிரித்து நோயாளியின் குடலில் சேர்க்கும் சிகிச்சை பற்றியும் பலர் கேட்கிறார்கள். காவலை மறுபடி கட்டி எழுப்பும் யோசனை என்ற வகையில் இது சரியான திசை. ஆனால் இந்தக் காரியத்துக்கு இன்னும் தேறவில்லை. ஜெனீவா, பாரிஸ், உட்ரெக்ட், டெல் அவீவ் ஆகிய நான்கு இடங்களில் 39 பேரிடம் செய்த ஆய்வில், சிகிச்சை பெற்றவர்களில் 41 சதவீதம் பேரிடமும் பெறாதவர்களில் 29 சதவீதம் பேரிடமும் கிருமி காணப்படவில்லை. அந்தச் சின்ன எண்ணிக்கையில் இந்த வித்தியாசத்தை நம்பி எதுவும் சொல்ல முடியாது. அதைவிடக் கவலை தருவது வேறு. 2019 ஜூனில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. ஒரே கொடையாளரின் மலத்தைப் பெற்ற, நோயெதிர்ப்பு குறைந்த இரண்டு பேருக்கு ஈ.எஸ்.பி.எல். ஈ. கோலை ரத்தத்தில் பரவி, ஒருவர் இறந்துவிட்டார். கொடையாளரின் மலத்தை அந்தக் கிருமிக்காகப் பரிசோதித்திருக்கவில்லை. வீட்டிலேயே இதைச் செய்துகொள்வது எப்படி என்று கற்றுத்தரும் ஆட்களிடம் தயவுசெய்து போகாதீர்கள்.

நம்பிக்கையோடு நான் கவனித்துவரும் ஆய்வுகளும் உண்டு. ஜெர்மனியின் ட்யூபிங்கன் ஆய்வாளர்கள் 2016இல், மூக்கில் வாழும் ஸ்டெஃபிலோகாக்கஸ் லுக்டுனென்சிஸ் என்ற இன்னொரு பாக்டீரியா, ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸைக் கொல்லும் பொருளொன்றைச் சுரக்கிறது என்று காட்டினார்கள். அந்தப் பாக்டீரியா இருந்தவர்களில் ஆறு சதவீதம் பேரிடம்தான் ஆரியஸ் இருந்தது. இல்லாதவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். தாய்லாந்தில் 115 பேருக்கு நான்கு வாரம் நடத்திய சோதனை 2023இல் வந்தது. பாசில்லஸ் சப்டிலிஸ் என்ற தீங்கில்லாத பாக்டீரியாவை வாய்வழியாகக் கொடுத்ததில் மலத்தில் ஆரியஸ் 95 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது, மூக்கிலும் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குக் குறைந்தது. குடலில் குறைத்தால் மூக்கிலும் குறைகிறது என்பதுதான் இதில் முக்கியமான சேதி. ஆனால் அளந்தது கிருமியின் எண்ணிக்கையை. நோய் குறைகிறதா என்பதை அல்ல. கடையில் புரோபயாட்டிக் என்று விற்கும் எல்லாவற்றுக்கும் இதைப் பொருத்திவிடவும் கூடாது.

குடல் கிருமி விஷயத்தில் செய்யக் கூடாதது ஒன்று உண்டு. மிக அதிகமாக நடப்பதும் அதுதான். அப்பாவுக்கு எந்தத் தொந்தரவும் இல்லாத நேரத்தில் யாரோ ஒருவர் சிறுநீரைக் கல்ச்சர் செய்யச் சொல்வார், அதாவது அதில் கிருமி வளர்கிறதா என்று பரிசோதிக்கச் சொல்வார். முடிவில் ஈ.எஸ்.பி.எல். ஈ. கோலை என்று வரும். தாளைப் பார்த்ததும் ஊசி போட ஆரம்பித்துவிடுவார்கள். வயதானவர்களின் சிறுநீரில் நோயில்லாமலே பாக்டீரியா இருப்பது மிகச் சாதாரணம். எரிச்சல், புதிதாக வந்த அடிக்கடி போகும் அவசரம், காய்ச்சல், விலாவில் வலி எதுவும் இல்லையென்றால் அதற்குச் சிகிச்சை தேவையில்லை. கர்ப்பிணிகளும், சிறுநீர்ப் பாதையில் சளிச்சவ்வு கிழிபடும் அறுவைக்குப் போகிறவர்களும் மட்டும் விதிவிலக்கு. தேவையில்லாத ஒவ்வொரு ஊசியும் குடலின் காவலை மறுபடி இடித்துத் தள்ளுகிறது. போய்க்கொண்டிருந்த கிருமி திரும்பவும் பெருகுகிறது. மலத்தை மாதாமாதம் பரிசோதித்துப் பார்ப்பதும் வேண்டாம். அளவு குறைந்திருக்கும்போது இல்லை என்று வரும், அடுத்த மாதம் இருக்கிறது என்று வரும், மனவேதனைதான் மிச்சம்.

அதேபோல, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை அப்பாவுக்கு எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். மருத்துவமனையில் ஆரம்பித்து, நிறுத்த மறந்து, வருடக்கணக்கில் தொடரும் மாத்திரை அது. வயிற்றின் அமிலம் உள்ளே வரும் பாக்டீரியாவைக் கொல்லும் முதல் தடுப்பு. அதைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்களிடம் மருந்து எதிர்ப்புக் கிருமி குடலில் இருப்பது கூடுதலாகக் காணப்படுகிறது. சிலருக்கு அந்த மாத்திரை கட்டாயம் தேவை. ஆகவே தானாக நிறுத்தாமல், இன்னும் வேண்டுமா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

குழந்தை விஷயம். அப்பா குழந்தையைத் தூக்கலாம், கொஞ்சலாம், ஒரே அறையில் தூங்கலாம். மருத்துவமனையில் அவரைத் தனி அறையில் வைத்திருந்தால், அது பக்கத்துப் படுக்கைகளில் குழாய்களோடும் திறந்த புண்களோடும் படுத்திருந்தவர்களைக் காப்பதற்காக. வீட்டில் அந்தச் சூழல் இல்லை. முன்பு சொன்ன பயணிகள் ஆய்வில், கிருமியோடு திரும்பியவரிடமிருந்து வீட்டில் இன்னொருவருக்குப் பரவும் வாய்ப்பு 12 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். பரவவே பரவாது என்று சொல்லவில்லை. அப்படிப் பரவினாலும் ஆரோக்கியமான குழந்தைக்குப் பெரும்பாலும் எதுவும் ஆகாது. கழிப்பறை போய்விட்டு வந்ததும், சமைக்கும் முன்பும், டயப்பர் மாற்றியபின்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுதல், தையல் போட்ட இடத்தை மூடி வைத்தல், துண்டு, சவரக் கத்தி, பல் துலக்கி ஆகியவற்றைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளுதல் போதும். குழந்தை குறைமாதத்தில் பிறந்ததோ, அதன் நோயெதிர்ப்பில் குறை இருக்கிறதோ என்றால் மட்டும் குழந்தை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

உங்கள் அப்பாவுக்கு நான் என்ன செய்யச் சொல்வேன்? அறுவை செய்த மருத்துவரிடம் போய், மூக்கில் எம்.ஆர்.எஸ்.ஏ. இருப்பதற்காக குளோர்ஹெக்சிடின், மியூபிரோசின் சுற்றுகளைத் தொடங்கலாமா என்று நேரடியாகக் கேளுங்கள். புதிதாக ஆறிவரும் தையல் இருப்பதால் கேட்பதற்கு நல்ல காரணம் இருக்கிறது. மூட்டு மாற்றோ இதய அறுவையோ பின்னால் வரப்போகிறது என்றால் கட்டாயம் கேளுங்கள். ஆரியஸ் கிருமி மூக்கில் உள்ளவர்களுக்கு இந்த அறுவைகளுக்கு முன் மியூபிரோசின் கொடுக்க வேண்டும் என்பது 2016இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பரிந்துரை. சிகிச்சை முடிந்ததும் மறுநாளே பஞ்சு வைத்துப் பார்க்க வேண்டாம். மருந்தின் மிச்சம் இருக்கும்போது இல்லை என்றுதான் காட்டும். ஒரு வாரமாவது விட்டு, மூக்கோடு தொண்டையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஈ.எஸ்.பி.எல். வரிக்குச் சிகிச்சை வேண்டாம். அந்தத் தகவல்தான் வேண்டும். அந்தத் தாளைப் படமெடுத்து வீட்டில் எல்லோர் கைப்பேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்குக் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்து அவசரப் பிரிவுக்குப் போனால், வாசலிலேயே அதைக் காட்டுங்கள். வழக்கமாக முதலில் போடும் செஃப்ட்ரியாக்சோன் இந்தக் கிருமிக்கு வேலை செய்யாது. கல்ச்சர் முடிவு வர இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாளும் சரியான மருந்து உள்ளே போவது அந்தப் படத்தைப் பொறுத்தது. பெருங்குடல் அறுவை, ஆசனவாய் வழியாக ஊசி விட்டுச் செய்யும் புராஸ்டேட் பயாப்சி போன்றவற்றுக்கு நாள் குறிக்கும்போதும் அதையே காட்டுங்கள். முன்கூட்டிப் போடும் மருந்தை அதற்கேற்ப மாற்றுவார்கள்.